பதினாலாம் பயிற்சிக்கு இரண்டு பேர்

டைப்பிஸ்ட் அக்கா என்று தெருவே கூப்பிட்ட அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தெட்டு வயது வரை சங்கீதத்தோடு பேச்சுவார்த்தையே கிடையாது. எங்காவது பாட்டு ஓடினால் ஓடட்டும் என்று இருப்பாள். நின்றால் நின்றதுகூடத் தெரியாது. ஒரு வக்கீலின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோர மேஜை, ஒரு கால் ஆடும் நாற்காலி, பக்கத்தில் பச்சை ஃபைல்களின் அடுக்கு. விசைகளைப் பார்க்க மாட்டாள். எதிரே பஸ் நிறுத்தத்தில் யாராவது சண்டை போட்டால் அதைக் கண்கொட்டாமல் பார்த்தபடியே நாலு பக்கம் பிழையில்லாமல் அடித்து முடிப்பாள். “அக்காவுக்குக் கண்ணு விரல் நுனியில இருக்கு” என்று வக்கீல் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். தங்கமான மனிதர்தான். ஆனால் எதையாவது பிடித்துக்கொண்டால் உடும்புப்பிடி. ஒரு வருடம் சதுரங்கம். மகளோடு ஆடித் தோற்றுத் தோற்று அதை விட்டுவிட்டார். அடுத்த வருடம் மீன்தொட்டி. மீன்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்ததும் அதே தொட்டியில் மண்ணைக் கொட்டிக் கற்றாழை வளர்த்தார். மகள் படிப்புக்காக விடுதிக்குப் போன வருடம், வீட்டில் ஒரு தட்டு குறைந்து சாப்பாட்டு மேஜை திடீரென்று பெரிதாகத் தெரிய ஆரம்பித்த நாட்களில், ஒரு சாயங்காலம் கறுப்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். வாயெல்லாம் பல்.

“என்னங்க இது? யாரோட பெட்டி?”

“நம்மளோடதுதான்.”

“உள்ள என்ன இருக்கு?”

“வயலின்.”

அவள் பெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். “லிஃப்டுல யாராவது மறந்து வச்சுட்டுப் போய்ட்டாங்களா?”

“வாங்கிட்டு வந்தேம்மா. கத்துக்கப் போறேன்.”

விஷயம் இதுதான். ஏதோ ஒரு கட்டிடத்தின் நாலாவது மாடியில் லிஃப்ட் பழுது. மூன்று நாள் வேலை. அந்த மாடியில் ஒரு வயலின் வகுப்பு நடந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மாணவி ஒரே நாலு ஒலியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருந்தாள்.

“முத நாள் எரிச்சலா இருந்துச்சு. ரெண்டாம் நாள் என்னையறியாம எண்ண ஆரம்பிச்சுட்டேன். மூணாம் நாள் அந்தப் பொண்ணு நாலாவது விரலைச் சரியா வச்சுச்சு பாரு, நான் ஸ்பானரைக் கீழ போட்டுட்டுக் கை தட்டிட்டேன். டீச்சர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாங்க. சேர்ந்துட்டேன்.”

“ஸ்பானர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவங்ககிட்ட சேர்ந்துட்டீங்களா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள் அக்கா. இதுவும் கற்றாழை மாதிரி ஆறு மாதத்தில் காய்ந்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

காயவில்லை. டீச்சருக்கு இருபத்தாறு வயது. குச்சி மாதிரி உடம்பு, கூப்பிட்டால் தெருமுனை திரும்பிப் பார்க்கும் குரல். முதல் நாளே சட்டம் போட்டுவிட்டாள்: “சார், ஒரு வருஷத்துக்குப் பாட்டுன்னு வாயே தெறக்கக் கூடாது. பயிற்சி மட்டும்தான்.” கூடவே நீல அட்டை போட்ட நீளப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தாள். அதில் பாட்டும் இல்லை, பாட்டின் பெயரும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் எண்கள். ஒன்றாம் பயிற்சி, விரலே வைக்காமல் கம்பிமேல் வில்லை இழுப்பது. இரண்டாம் பயிற்சி, அதையே மெதுவாக இழுப்பது. மூன்றாம் பயிற்சி, இன்னும் மெதுவாக.

அந்த முதல் மாதங்களை அக்கா பிற்காலத்தில் விவரிக்கும்போது எழுந்து நின்று கையைக் காலை ஆட்டித்தான் விவரிப்பாள். கதவுக்கு எண்ணெய் போடாதது மாதிரி ஒரு சத்தம். பூனையை ஷூ காலால் மிதித்தது மாதிரி இன்னொன்று. இரண்டும் சேர்ந்து வரும் நாட்களும் உண்டு. அவரைக் குளியலறைக்கு நாடு கடத்தினாள். அங்கே எதிரொலி வேறு சேர்ந்து, ஒரு பூனை நாலு பூனையானது. கீழ்வீட்டில் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் கார்டு சார். அவர் துடைப்பக் கட்டையால் கூரையில் மூன்று தட்டுத் தட்டுவார். மெக்கானிக் அதைத் தாளக்கட்டுக்கு உதவி என்று எடுத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாக இழுப்பார்.

இப்படியே ஒன்றரை வருடம் போனது. பாட்டுக்கு விதித்த தடை எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் டீச்சர், “இப்ப ஒரு சின்னப் பாட்டு எடுத்துக்கலாமா சார்?” என்று கேட்டபோது மனிதர் பதறிப்போய், “வேண்டாம் டீச்சர், பதினாலாம் பயிற்சி இன்னும் முடியல” என்று சொல்லிவிட்டு வந்தார்.

பதினாலாம் பயிற்சி லேசுப்பட்டதில்லை. ஒரே கம்பியில் நாலு விரலையும் எல்லா வரிசையிலும் வைத்து எடுக்க வேண்டும். முதல் வரி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அடுத்த வரி ஒன்று, மூன்று, இரண்டு, நாலு. ஒவ்வொரு வரி முடிந்ததும் கை மொத்தமாக ஒரு படி நகர்ந்து உட்கார்ந்து, அங்கே மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அந்த நகர்வு மட்டும் மெக்கானிக்குக்குக் கைவந்த கலை. “லிஃப்ட் மாடிக்கு நேரா நிக்கணும்மா. விரக்கடை தாழ்ந்து நின்னாலும் ஆளு தடுக்கி விழுவான்” என்பார். வினையெல்லாம் ஐந்தாவது வரியில். அங்கே ஒன்று, நாலு, ஒன்று, நாலு என்று சுண்டுவிரல் சுத்தியல் மாதிரி விழுந்து விழுந்து எழ வேண்டும். அவருடைய சுண்டுவிரல் முப்பது வருடமாக நட்டு, போல்ட்டு எதையும் தொடாமல் சும்மா கூடவே வந்துகொண்டிருந்த விரல். பத்து தடவைக்கு எட்டு தடவை காலை வாரிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். குளியலறையில் பதினாலாம் பயிற்சி ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாவது வரி வந்தது. அவள் கத்தியைக் கீழே வைக்காமலே கத்தினாள்: “நாலாவது விரல் தாழ்ந்துடுச்சு!”

வயலின் நின்றது. கதவு திறந்தது. ஈரத் தரையில் வெறுங்காலோடு அவர் வந்து நின்றார்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

அவளுக்கே தெரியவில்லை. வெங்காயத்தில் கலங்கிய கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே யோசித்தாள். பதினெட்டு வயதில் டைப்பிங் கிளாஸில் மூன்று மாதம் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று அடித்தது ஞாபகம் வந்தது. வார்த்தை கிடையாது, அர்த்தம் கிடையாது. வரிவரியாக, பக்கம்பக்கமாக அதேதான். கூடப் படித்தவர்கள் அழுதார்கள். அவளுக்கு மட்டும் அது ரகசியமாகப் பிடித்திருந்தது. பத்து மெஷின்கள் ஒரே நேரத்தில் தடதடக்கிற அறையில், விரல்கள் தன்னைக் கேட்காமல் தாமாக ஓடத் தொடங்கிய அந்த நாளில், எழுந்து ஒரு சுற்று ஆடலாமா என்றுகூட நினைத்தாள். யாரிடமும் சொன்னதில்லை; சொன்னால் சிரிப்பார்கள்.

“ஏங்க, இது எங்க டைப்பிங் பாடம்தானே?” என்றாள்.

அன்றிலிருந்து குளியலறைக் கதவு திறந்தே இருந்தது. அவர் வாசிப்பார், அவள் அடுப்படியிலிருந்து தீர்ப்பு சொல்வாள். “ரெண்டு ஏறிடுச்சு.” “மூணு லேட்டு.” “ம்ம், இப்ப சரி.” கார்டு சாரும் தட்டுவதை நிறுத்திவிட்டார். மாடிப்படியில் பார்க்கும்போது, “என்னம்மா, அஞ்சாவது வரி இன்னும் படிஞ்ச பாடில்லையே” என்று குசலம் விசாரிக்கிற அளவுக்கு அவரும் தேறிவிட்டார்.

இந்த நிலையில் டீச்சர் வருடாந்திர நிகழ்ச்சி வைத்தாள். மாணவர்கள் எல்லோரும் மேடையில் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் பாட்டு வாசிக்க, நம்மவர் பிடிவாதமாகப் பதினாலாம் பயிற்சியைத்தான் வாசிப்பேன் என்று எழுதிக் கொடுத்தார். டீச்சர் சிரித்துவிட்டுச் சரி என்றாள். நிகழ்ச்சிக்குப் பதினாறு நாள் இருக்கும்போது, வீட்டில் ஒரு பெயின்ட் டப்பாவை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறக்கப்போய், மூடி தெறித்து இடது கை ஆள்காட்டி விரலில் ஆழமாக இறங்கிவிட்டது. அறுபது அடி உயரத்தில் இரும்புக் கயிறுகளுக்கு நடுவே தொங்கியபடி வேலை பார்க்கிற மனிதர், பெயின்ட் டப்பாவிடம் தோற்றார்.

நாலு தையல். “மூணு வாரத்துக்கு விரலை மடக்கக் கூடாது” என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. வெள்ளைக் கட்டுப் போட்ட விரலை அந்நியர் ஒருவரைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

“வில்லாவது இழுங்களேன். வலது கை நல்லாத்தானே இருக்கு” என்றாள் அக்கா.

“வெறும் கம்பியவா? அது ஒண்ணாம் பயிற்சிம்மா. மறுபடி ஒண்ணாம் கிளாஸுக்குப் போகச் சொல்றியா?”

“அப்ப விரலை நான் வைக்கிறேன்.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு நிமிடம் கழித்து, அவர் நாற்காலியில் உட்கார்ந்து வயலினைத் தோளில் வைத்துத் தாடையால் அழுத்திக்கொண்டிருந்தார். வலது கையில் வில், கட்டுப் போட்ட இடது கை மடியில். அவள் அவருக்கு இடப்பக்கம் சற்றுப் பின்னால் நின்று, வயலினின் கழுத்துக்கு அடியாகத் தன் இடது கையைக் கொண்டுபோனாள். அவள் முழங்கை அவர் விலாவில் இடித்தது. அவர் நெளிந்தார்.

“கூசுது.”

“சும்மா இருங்க. கட்டைவிரலை எங்க வைக்கிறது?”

“அது பாட்டுக்கு ஓரமா இருக்கட்டும். இறுக்காதே. இது என்ன பஸ் கம்பியா?”

விரல் வைக்க வேண்டிய இடங்களில் டீச்சர் மெல்லிய காகிதப் பட்டைகள் ஒட்டியிருந்தாள். அக்கா அவற்றை ஒருமுறை பார்த்தாள். பிறகு பழக்கதோஷத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “இழுங்க” என்றாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

இரண்டு பேரும் அப்படியே உறைந்துபோனார்கள். நாலாவது ஒலி, மணி அடித்தது மாதிரி அறை முழுக்க நின்று அதிர்ந்தது. இருபத்திரண்டு வருடமாக ‘ஏ’ விசையைத் தட்டிக்கொண்டிருந்த அந்த இடது கைச் சுண்டுவிரல், கம்பிமேல் விழுந்த இடத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றுகொண்டிருந்தது.

“இன்னொரு தடவை” என்றார் அவர், மூச்சு விடாமல்.

இன்னொரு தடவை. அப்புறம் இன்னொன்று. அப்புறம் சாதம் அடிப்பிடித்து வாசனை வந்தது. அதைப் போய் இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

அடுத்த பதினைந்து நாளும் அந்த வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. இரண்டு பேர் ஒரு வயலின் வாசிப்பது, இரண்டு பேர் ஒரே சைக்கிளில் ஆளுக்கொரு மிதிகட்டையை மிதிப்பது மாதிரி. அவர் வில்லைத் திருப்பும் முன்பே அவள் அடுத்த விரலுக்குப் போய்விடுவாள். “நான் வர்றதுக்குள்ள எங்க ஓடற?” “நீங்க ஏன் ஆமை மாதிரி வர்றீங்க?” கை நகர வேண்டிய இடம் வரும்போது அவர் மூக்கால் ஒரு சின்ன மூச்சு இழுப்பதை நாலாம் நாள் கண்டுபிடித்தாள். அந்த மூச்சோடு தன் கையை நகர்த்தினாள், பிசிறில்லாமல் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர் சிரிக்க, தாடை ஆட, வில் வேறொரு கம்பியில் ஏறிப் பூனை ஒன்று கத்த, இரண்டு பேரும் சோபாவில் விழுந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். கல்யாணமான புதிதில்கூட இப்படிச் சேர்ந்து சிரித்ததாக அவளுக்கு நினைவில்லை. அப்போது வெட்கம் இருந்தது, மாமியார் வீடு இருந்தது, அப்புறம் குழந்தை இருந்தது.

மகள் வீடியோவில் கூப்பிட்டாள். போனைப் பூச்சட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டு வாசித்துக் காட்டினார்கள். திரையில் மகள் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள்.

“அம்மா, நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க?”

“ரொம்ப நல்லா இருக்கோம்டி. அஞ்சாவது வரி கேட்டியா?”

“ரெண்டு தலை, மூணு கை தெரியுது. நான் வேணா லீவு போட்டுட்டு வரட்டுமா?”

அலுவலகத்திலும் விரல் சும்மா இருக்கவில்லை. ஃபோனில் பேசும்போது மேஜைமேல், டீ குடிக்கும்போது டம்ளர்மேல் ஒன்று நாலு ஒன்று நாலு என்று தட்டிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் வக்கீல் கட்சிக்காரர்கள் முன்னிலையில் ஒரு பத்திரத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டு போனவர் சட்டென்று நின்றார்.

“‘விற்பவர் விற்பவர் விற்பவர் விற்பவர்.’ ஏம்மா, நாலு பேரா விக்கிறாங்க?”

விற்பவர் ஒருவர்தான், எதிரே உட்கார்ந்து திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் பிழை. அக்காவுக்கு வெட்கப்படத் தோன்றவில்லை, பொங்கிக்கொண்டு சிரிப்புத்தான் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தண்ணீர் பானைப் பக்கம் ஓடிவிட்டாள்.

நிகழ்ச்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது, கட்டோடு வகுப்புக்குப் போனார்கள். டீச்சர் கட்டைப் பார்த்ததும் பெயர்ப் பட்டியலை எடுத்தாள். “பரவாயில்ல சார், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“பேரை அடிச்சுடாதீங்க டீச்சர்” என்றாள் அக்கா. “இடது கைக்கு நான் இருக்கேன்.”

டீச்சருக்குப் புரியவில்லை. உட்கார்ந்து வாசித்துக் காட்டினார்கள். முதல் வரியில் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது வரியில் அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐந்தாவது வரியில் சிரிப்பு நின்றது. எழுந்து கிட்டே வந்தாள்.

“அக்கா, அந்தச் சுண்டுவிரலைக் காட்டுங்க.”

அக்கா கையை நீட்டினாள். டீச்சர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். தன் சுண்டுவிரலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள்.

“எனக்கு இது வர எட்டு வருஷம் ஆச்சு. அழுதிருக்கேன் தெரியுமா? நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?”

“டைப்பிங் கிளாஸ்ல” என்றாள் அக்கா. இத்தனை வருடம் கழித்து அந்த மூன்று மாதத்தை ஒருத்தி மெச்சியதில், நாலு மாடி இறங்கி வந்தது எப்படி என்றே அவளுக்குத் தெரியவில்லை. லிஃப்டில் வந்தோமா படியில் வந்தோமா என்று கணவரிடம் கேட்டாள். “லிஃப்ட்லதாம்மா. நான் சரி பண்ணினது” என்றார் அவர், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

நிகழ்ச்சி ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், தலைக்குமேல் சுற்றும் மின்விசிறிகள், பெற்றோர் பட்டாளம். குழந்தைகள் ஒவ்வொருவராக ஏறி ஆளுக்கொரு பாட்டு வாசித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். கார்டு சார் இஸ்திரி போட்ட சட்டையோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அறிவிப்புச் செய்தது எட்டு வயதுப் பெண் ஒருத்தி. கையிலிருந்த தாளைப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், மைக்கில் சொன்னாள்:

“அடுத்து, பயிற்சி எண் பதினாலு. வாசிக்கிறவங்க ரெண்டு பேர். வயலின் ஒண்ணு.”

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மேடையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து வயலினைத் தாடைக்குக் கீழ் செருகினார். அக்கா பின்னால் போய் நின்று, புடவையைச் சரிசெய்துகொண்டு, கையை அடியில் கொடுத்தாள். முதல் வரிசையில் ஒரு குழந்தை, “அம்மா, அந்த ஆன்ட்டி அவரோட வயலினைத் திருடறாங்களா?” என்று கேட்டது. சிரிப்பு அலையாகப் பின்வரிசை வரை போயிற்று.

பயத்தில் அக்காவின் கண் வழக்கம்போல் வெளியே பார்க்க இடம் தேடியது. பார்க்க ஜன்னல் இல்லை. அவர் மூக்கால் மூச்சு இழுத்தார். அந்தப் பழகிய சத்தம் கேட்டதும் அவள் விரல்கள் தாமாக இறங்கின.

முதல் வரி ஒழுங்காக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது வரியில் அவருக்கு உற்சாகம் தலைக்கேறி, வில்லைக் கொஞ்சம் அகலமாக வீச, அது பக்கத்துக் கம்பியையும் சேர்த்து இழுத்தது. கூடம் பூனைச் சத்தத்தில் அதிர்ந்தது. அக்கா யோசிக்கவே இல்லை. அடுப்படியிலிருந்து சொல்கிற அதே குரலில், “நில்லுங்க. மூணாவது வரியிலேருந்து” என்றாள்.

மைக் பக்கத்திலேயே இருந்தது. அவள் குரல் கூடத்தின் நாலு மூலையிலிருந்தும் கணீரென்று திரும்பி வந்தது. அவ்வளவுதான், கூடம் வெடித்தது. கல்யாணமான ஆண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். மெக்கானிக் மேடையிலேயே தலையாட்டி, “சரிம்மா” என்றார். அதுவும் மைக்கில் விழுந்தது.

மூன்றாவது வரியிலிருந்து ஆரம்பித்தார்கள். இப்போது பயம் போய்விட்டிருந்தது. கை நகர்ந்து உட்கார்ந்தது. நாலாவது வரி முடிந்தது. ஐந்தாவது. ஒன்று, நாலு, ஒன்று, நாலு. சுண்டுவிரல் விழுந்தது, எழுந்தது, விழுந்தது. ஒவ்வொன்றும் சொடக்குப் போட்டது மாதிரி தெறித்து வந்தது. இரண்டாவது வரிசையில் கார்டு சார் தன்னை மறந்து எழுந்து நின்று, ரயிலை அனுப்புகிறவர் மாதிரி ஒரு கையை உயர்த்தி, “வந்துடுச்சு! வந்துடுச்சு!” என்று கத்தினார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு என்ன வந்தது என்று தெரியாது. இருந்தாலும் அவர்களும் எழுந்து நின்றார்கள்.

கடைசி வரியை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் வேகம் கூட்டி வாசிக்க வேண்டும் என்பது டீச்சர் சொல்லியிருந்தது. மூன்று முடிந்தது. யார் நிறுத்துவது என்று மட்டும் இருவரும் பேசி வைத்திருக்கவில்லை. அவர் வில்லை நிறுத்துவார் என்று அவள் காத்திருந்தாள். அவள் விரலை எடுப்பாள் என்று அவர் காத்திருந்தார். நாலாவது முறை போனது. ஐந்தாவது இன்னும் வேகம். குழந்தைகள் காலால் தட்ட ஆரம்பித்தார்கள். “நிறுத்துங்க” என்று அவள் அவர் காதில் சொன்னாள். “நீ நிறுத்து” என்றார் அவர். ஆறாவது முறை விரல் எது, கம்பி எது என்று தெரியாத வேகம். அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. அவளுக்கும் வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பிவிட்டது. தாடைப் பிடி விட்டு வயலின் வழுக்கியது. அவள் அதன் கழுத்தைக் கப்பென்று பிடித்துக்கொள்ள, வில் காற்றில் ஒரு வட்டம் போட்டு நின்றது.

கைதட்டல் ஓய எவ்வளவு நேரமானது என்று அவளுக்குத் தெரியாது. வயலினைக் கழுத்தைப் பிடித்த வாக்கிலேயே தூக்கிக்கொண்டு, கணவரை விட்டுவிட்டு, தான் மட்டும் மேடையை விட்டு இறங்கிப்போனாள் என்று பிறகு சொன்னார்கள்.

தையல் பிரித்தார்கள். விரல் ஆறிவிட்டது, ஆனால் அவர் வயலினை வாங்கக் கையை நீட்டியபோது அக்கா கொடுக்க மனமில்லாமல் நின்றாள்.

“என்னம்மா, என் விரல் சரியாயிடுச்சு.”

“இன்னும் கொஞ்ச நாள் ரெஸ்ட் குடுங்களேன்.”

“நாலு வாரம் குடுத்தாச்சு.”

“ஆறு குடுத்தா இன்னும் நல்லா ஆறும்.”

இந்த வழக்கு டீச்சரிடம் போனது. அவள் அலமாரியிலிருந்து பழைய வயலின் ஒன்றை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தாள். “இது உங்களுக்கு. விரல் விஷயத்துல உங்களுக்கு நான் சொல்லிக் குடுக்க ஒண்ணுமில்ல. ஆனா வில்லுல நீங்க ஒண்ணாம் கிளாஸ்.”

உண்மைதான். அக்கா அதுவரை வில்லைத் தொட்டதே இல்லை. வீட்டுக்கு வந்து முதல் தடவை இழுத்தபோது, ஒன்றரை வருடத்துக்கு முன்பு கேட்ட அதே பூனை வந்தது. கணவர் குளியலறைக் கதவைத் திறந்து, உள்ளே போ என்று கையைக் காட்டினார். அவருக்கு அப்படியொரு ஆனந்தம்.

இப்போது அவளுக்கு ஐம்பது வயது. இரண்டு பேருக்கும் இன்றுவரை ஒரு முழுப் பாட்டுத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசரமும் இல்லை. அவர் இருபதாம் பயிற்சியில் இருக்கிறார். அவள் விரல் பயிற்சிகளில் அவரைத் தாண்டிப் போய்விட்டாள்; வில் பயிற்சியில் மூன்றாம் எண்ணிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறாள். ஒரே இழுப்பில், வில்லின் அடியிலிருந்து நுனிவரை, ஒலி அறுபடாமல் நடுங்காமல் எத்தனை விநாடி இழுக்க முடிகிறது என்று பார்க்கிற பயிற்சி அது.

போன வாரம் ஒரு நாள், அலுவலகம் விட்டு வந்த சேலையோடு கூடத்தில் நின்று இழுத்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

“பன்னெண்டு, பதிமூணு... நடுங்குது, தோளை விடு... பதினாறு...”

வில் நத்தை மாதிரி நகர்ந்தது. ஒலி மெல்லிய நூலாக, ஆனால் அறுபடாமல் போய்க்கொண்டிருந்தது. இருபது தாண்டியது. இதுவரை தாண்டாத எண். அவள் கண்கள் விரிந்தன.

“இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு... ஏம்மா, மூச்சு விடு! முகம் செவந்துடுச்சு! மூச்சை விடு!”

“இருபத்தி மூணு” என்று அவளே சொல்லிவிட்டு, வில் நுனி கம்பியை விட்டு நழுவ, தலை கிறுகிறுவென்று சுற்ற, வயலினை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் சப்பென்று உட்கார்ந்தாள். கூடம் சுற்றியது, காய்ந்துபோன கற்றாழைத் தொட்டி சுற்றியது, கடிகாரத்தோடு குனிந்து நின்ற கணவரும் சுற்றினார்.

“என்ன பண்ணுது? தண்ணி கொண்டு வரட்டுமா?”

“தண்ணி வேண்டாம்” என்றாள் அவள், சிரிப்பும் மூச்சும் முட்டிக்கொண்டு வர. “தூக்கி நிறுத்துங்க. இருபத்தஞ்சு பாத்துடலாம்.”